சோபா குஷனுக்குள் என்ன போடுவது?

சோபா வாங்கப் போகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், நிறம் சுவருக்குப் பொருந்துமா என்று யோசிப்பார்கள், தொப்பென்று ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார்கள். குஷனின் பின்பக்க ஜிப்பைத் திறந்து உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த சோபாவும் சுகமாகத்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து அது எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் சரக்கும், அதைப் பராமரிக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதும்தான்.

இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் கேட்பதே இல்லை. "எது ரொம்ப மெத்தென்று இருக்கும்?" என்று கேட்போமே தவிர, "இதை தினமும் தட்டிப் போடப்போவது யார்?" என்று கேட்கமாட்டோம். எங்கள் வீட்டு சோபாவின் குஷன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றியபோது எனக்குத் தெளிவானது இதுதான்: வீட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே செய்யப்போகும் வேலைக்கு ஏற்றபடி சரக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வேலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எங்கள் சோபாவில் மூன்று பேர் உட்காரலாம். மூலை இருக்கைதான் எல்லோருக்கும் பிடித்த இடம் என்பதால் முதலில் அமுங்கியதும் அதுதான். அதைத் திறந்து பார்த்தால் மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை ஃபோம், அதற்குக் கீழே பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய பலகை. குஷன் வேலை செய்யும் அண்ணன் அதைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் உரசினார். பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. "கை வெச்சா மெத்துன்னு இருக்கணும்னு மேல மட்டும் நல்லதைப் போட்டிருக்காங்க சார். கீழ எல்லாம் வெட்டித் துண்டுதான்" என்றார்.

அந்தத் துண்டு ஃபோமை ரீபாண்டட் என்பார்கள். தொழிற்சாலையில் மிச்சமாகும் ஃபோம் துணுக்குகளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. அதை ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பெஞ்சுக்கும் தரை மெத்தைக்கும் அடியில் போட அது நல்ல சரக்கு. கனமாக, விறைப்பாக இருக்கும். சோபா இருக்கையில் அதையே முழுக்க நம்பினால்தான் பிரச்சினை. அழுத்தினால் திரும்பி எழும் துள்ளல் அதில் குறைவு. மட்டமான பசை என்றால் ஓரங்கள் உதிர்ந்து, உறைக்குள் மணல் போலத் தங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபோம் வாங்கும்போது டென்சிட்டி என்று ஓர் எண் சொல்வார்கள்: 23, 32, 40 என்று. அது கடினத்தைக் காட்டும் எண் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எடைக்கணக்கு; ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. எண் கூடினால் அதே அளவு ஃபோமில் சரக்கு அதிகம், அதனால் அதிக நாள் உழைக்கும். மெத்தென்று இருக்குமா, விறைப்பாக இருக்குமா என்பது தனிக் கணக்கு. அதற்கு ஐ.எல்.டி. என்று வேறோர் அளவு உண்டு. 50 சதுர அங்குல வட்டத் தட்டை வைத்து, ஃபோமின் தடிமனில் 25 சதவீதம் அமுங்கும் வரை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, 20 டென்சிட்டியில் கட்டை போன்ற ஃபோமும் உண்டு. இரண்டாவதில் ஏமாறுவது சுலபம். கடையில் விறைப்பாக, 'ஸ்ட்ராங்'காகத் தெரியும். சில மாதங்களில் பள்ளம் விழும்.

சொன்ன டென்சிட்டி உண்மைதானா என்று பார்க்க வீட்டுத் தராசே போதும். 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 12 தடிமன் உள்ள ஃபோமை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் 0.0432 கனமீட்டர். 32 டென்சிட்டி என்றால் எடை 1.38 கிலோ அளவில் இருக்க வேண்டும். 40 என்றால் 1.73 கிலோ. முக்கால் கிலோதான் இருக்கிறது என்றால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது 17க்குப் பக்கத்தில்தான். புது ஃபோம் வந்ததும் உறைக்குள் நுழைப்பதற்குமுன் நான் நிறுத்துப் பார்த்தேன். அந்த அண்ணன் சிரித்தாரே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை.

இருக்கைக்குக் கடைசியில் நாங்கள் போட்டது ஹெச்.ஆர். ஃபோம். துள்ளல் அதிகமுள்ள வகை. சாதாரண ஃபோமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்த முதல் நொடியில் தெரியாது, இன்னும் கொஞ்சம் அமுங்கும்போதுதான் தெரியும். மேல்பக்கம் இளகிக் கொடுக்கும், கீழே போகப் போகத் தாங்கும். சாதாரண ஃபோம் எளிதாக அமுங்கி, சட்டென்று அடிப்பலகை இடிக்கும். உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பங்கு இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள்மேல்தான் விழுகிறது. அந்த இரண்டு இடங்களில் பலகை தட்டினால், மற்ற இடமெல்லாம் எவ்வளவு பஞ்சுபோல இருந்தாலும் அரைமணி நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவோம்.

இருக்கையை ரொம்ப மெத்தென்று வைக்கக் கூடாது என்பதை எனக்குக் காட்டியவர் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. பழைய சோபாவிலிருந்து எழ வேண்டுமானால் முதலில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வருவார், ஒரு கையைக் கைப்பிடியில் ஊன்றுவார், இன்னொரு கையால் குஷனை அழுத்துவார். அழுத்திய கை உள்ளே போய்விடும். "புதைகுழில உக்காத்தி வெச்ச மாதிரி இருக்குடா" என்பார். உட்கார்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துபோனால் எழுவது யாருக்குமே சிரமம். மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆகவே உயரத்தைப் பார்க்கும்போது வெறும் குஷனின் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகு எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். வயதானவர் உட்காரும் ஒரு இடத்தை மட்டும் கூடுதல் விறைப்பாகச் செய்துகொண்டாலும் போதும். மூன்று இருக்கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெளியே உறை ஒன்றுதான், யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதுகுக் குஷன் வேறு கதை. அங்கே எடை குறைவு, வளைவு அதிகம். இருக்கைக்குப் போட்ட விறைப்பான ஃபோமையே பின்னாலும் போட்டால், சுவரில் சாய்ந்தது போலத்தான் இருக்கும். ஃபோமே வேண்டும் என்றால் ஐ.எல்.டி. 20க்குக் கீழே உள்ளதாகக் கேளுங்கள். இருக்கைக்கு 30க்கு மேல். எங்கள் வீட்டில் முதுகுக்கு ஃபைபர் போட்டோம். பாலியஸ்டர் இழைதான், நடுவில் குழல் போலக் காலியாக, சுருண்டு, மேலே சிலிக்கான் பூசியிருப்பார்கள். அதனால் இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்கும், உப்பலாக இருக்கும். பூச்சு இல்லாத மட்ட ரகம் சீக்கிரமே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கையில் கொஞ்சம் எடுத்து உருட்டிப் பாருங்கள்: நல்லது வழவழவென்று பிரியும், மட்டமானது நூல் பந்து போலச் சுருண்டு நிற்கும்.

ஃபைபர் எப்படியும் காலப்போக்கில் அமுங்கும். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. அமுங்கிய ஃபைபர் தானாக மறுபடி உப்பும் என்று உட்கார்ந்திருப்பது இலவு காத்த கிளி கதைதான். ஆனால் அதைச் சரிசெய்வது சுலபம் என்பதுதான் அதன் பெருமை. ஜிப்பைத் திறந்து, திரண்டதைக் கையால் பிய்த்துவிட்டு, ஒரு பிடி புது ஃபைபர் சேர்த்தால் தீர்ந்தது. மூலைகளில் கொஞ்சம் அழுத்தமாக அடைக்க வேண்டும். முதலில் தொய்வது மூலைதான். இன்னொரு விஷயம்: ஃபைபரை நேரே வெளி உறைக்குள் கொட்டாதீர்கள். காடா மாதிரி ஓர் உள்ளுறையில் போட்டு, அதற்குள் இரண்டு மூன்று அறைகளாகத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கீழே இறங்கி, குஷன் தொந்தி போட்டதுபோல நிற்கும்.

இறகு நிரப்பிய குஷன்கள் அக்கா வீட்டில் இருக்கின்றன. சொகுசில் அதற்கு ஈடு கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தால் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், எழுந்தால் நம் அச்சு அப்படியே நிற்கும். அந்த அச்சு தானாகப் போகாது, அங்கேதான் விஷயம். தினமும் எடுத்து, இரண்டு பக்கமும் தட்டி, உதறி வைக்க வேண்டும். அக்கா செய்கிறாள், காலையில் திரைச்சீலையைத் திறப்பது போல அவளுக்கு அது பழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு என்று மகனும், மகனுக்கு என்று நானும் நினைத்துக்கொண்டிருப்போம். இறகுக் குஷனை நான் வாங்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தவிர, இறகின் தண்டு துணியைத் துளைத்து வெளியே வந்து குத்தும். நெருக்கமாக நெய்த உள்ளுறை இல்லாமல் இறகு வாங்கவே கூடாது. தண்டு இல்லாத மென்தூவி குத்தாது, ஆனால் எடையைத் தாங்காது. அதனால்தான் நடுவில் ஃபோம் வைத்து அதைச் சுற்றி இறகோ தூவியோ சுற்றிய வகையைச் செய்கிறார்கள். ஆசை இருப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். ஈரப்பதம் அதிகமான ஊரில் இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். சரியாகக் காயாத இறகு நாறும்.

லேட்டெக்ஸ் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்வது. 1929இல் டன்லப் நிறுவனத்தில் உருவான முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. துள்ளலும் உழைப்பும் பிரமாதம். உள்ளே வரிசையாகத் துளைகள் இருக்கும், அவற்றின் வழியே காற்றும் போய்வரும். குறை என்றால் கனம். உறையைக் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டும்போது அந்தக் கனம் புரியும். நெளிந்து வளைந்து நம்மோடு மல்லுக்கு நிற்கும். வெயில் அதற்கு எதிரி. வெயிலில் போட்டால் மேற்பரப்பு விறைத்து வெடிக்கும். எண்ணெயும் ஆகாது. வீட்டில் யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருந்தால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். முழுக் குஷனும் லேட்டெக்ஸாக இருக்க வேண்டியதில்லை. கீழே நல்ல ஃபோம், மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் லேட்டெக்ஸ் என்றால் கனமும் குறையும்.

மெமரி ஃபோம் சோபாவுக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1966இல் நாசாவுக்காக விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்கச் செய்தது. உடம்புச் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். ஓரிடத்தில் அசையாமல் உட்காருபவருக்குச் சரி. கால் மாற்றி, சாய்ந்து, புரண்டு உட்காருகிற சோபாவில் அது எப்போதும் நமக்குப் பின்னால் ஒரு நொடி தாமதமாக வரும்.

பருத்திப் பஞ்சும் இலவம் பஞ்சும் பலருக்குப் பழகியவை. திண்டுக்கும் சின்னக் குஷனுக்கும் இலவம் பஞ்சு இன்றைக்கும் அருமை. எடையே தெரியாது, இழையின் மேல் மெழுகுத்தன்மை இருப்பதால் ஈரம் சட்டென்று ஏறாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு உடைகளில்கூட அடைத்தார்கள். ஆனால் இழை நொறுங்கும் தன்மை உள்ளது. நாள் முழுக்க எடை ஏறும் இருக்கையில் போட்டால் தூளாகும். பருத்தி ஈரத்தைக் குடித்துக் கட்டியாகும்; வெயிலில் காயப்போட்டு, அவ்வப்போது பிரித்து அடிக்க வேண்டும். அந்தச் சேவைக்கு ஆள் கிடைக்கும் என்றால் போடுங்கள்.

சரக்கைத் தேர்ந்தெடுத்த பிறகும் பாதி சுகம் தையல் வேலையில் இருக்கிறது. பழைய ஃபோமை அளந்து அதே அளவுக்குப் புதியதை வெட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. பழையது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். உறையைத் தட்டையாக விரித்து, தையலிலிருந்து தையல் வரை அளந்து, அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக ஃபோமை வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் உறை சுருக்கமில்லாமல் இழுத்து நிற்கும். பிறகு ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியஸ்டர் வாடிங், அதாவது பஞ்சு விரிப்பு, ஒரு சுற்று. கேட்டால் "அது எதுக்கு" என்பார்கள், விடாதீர்கள். ஓரங்கள் மழுங்கி அழகாகும், துணி ஃபோமில் உரசித் தேய்வது குறையும்.

இவ்வளவு பருத்துவிட்ட குஷனை உறைக்குள் நுழைப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த அண்ணன் ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை வேக்குவம் கிளீனர் குழாயைச் சுற்றிப் பிடித்துக் காற்றை உறிஞ்சினார். அத்தனை பெரிய குஷன் அப்பளம் போல ஒட்டியது. சட்டென்று உறைக்குள் தள்ளி, மூலைகளைச் சரிசெய்துவிட்டுப் பையின் வாயை விட்டார். மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டு அது எழுந்து மூலைகளை நிரப்பியது. பையை உருவி எடுத்தபின் ஜிப்பைப் போட்டார்.

ரெக்ஸின், தோல் உறைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை காற்றை விடாது. தொப்பென்று உட்கார்ந்தால் உள்ளே மாட்டிய காற்று தையலைப் பிளக்கப் பார்க்கும். அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ வலைத்துணி வைத்துத் தைத்தால் காற்று அந்த வழியாகப் போய்வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஃபோமுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல். சரசரவென்ற சத்தம் வேறு. நீர் புகாத, ஆனால் காற்று போகும் துணியில் உள்ளுறை கிடைக்கிறது. அதுவே மேல்.

ஏதாவது கொட்டிவிட்டால் முதல் வேலை துணியைத் துடைப்பது அல்ல, உறையைக் கழற்றுவது. துணியில் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஃபோம் குடித்துவிடும். காய்ந்த துண்டை வைத்து மேலிருந்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், அப்புறம் மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். ஃபோமை முறுக்கிப் பிழிந்தால் கிழியும். வாஷிங் மெஷினில் போட்டால் பிய்ந்துவிடும். காயவைக்கும்போது படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, நிழலில், மின்விசிறிக் காற்றில். வெளியே காய்ந்துவிட்டது என்று உறையைப் போட்டுவிடாதீர்கள், நடுவில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் ஃபோம் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் மட்டும் என்றால் கவலை வேண்டாம், தொட்டால் பொடியாக உதிர்ந்தால்தான் அதன் காலம் முடிந்தது.

தூசி ஒவ்வாமை உள்ள வீடு என்றால், உறையைக் கழற்றி 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்க முடியுமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் சாகும். எல்லாத் துணியும் அந்தச் சூட்டைத் தாங்காது, சில சுருங்கிவிடும். ஃபைபர் உள்ளுறையோடு துவைக்கத் தக்கது என்பது அதற்கு இன்னொரு நல்ல புள்ளி. வாரம் ஒருமுறை வேக்குவம் போடும்போது இருக்கைகளைத் திருப்பி, இடம் மாற்றி வைத்தால் மூலையில் மட்டும் பள்ளம் விழாது. ஒரு பக்கம் மட்டும் ஜிப்பும் துணியும் வேறாக இருக்கும் குஷன்களைத் திருப்ப முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே துணியில் தைக்கச் சொல்வது நல்லது.

புதிதாக மாற்றலாம் என்று முடிவெடுப்பதற்குமுன் அடிப்பகுதியைப் பார்த்துவிடுங்கள். குஷனை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் எலாஸ்டிக் பட்டைகளை, அல்லது ஜிக்ஜாக் ஸ்பிரிங்கைக் கையால் அழுத்துங்கள். தொய்ந்திருந்தால் எந்த ஃபோமைப் போட்டாலும் அமுங்கும். சந்தேகம் இருந்தால் இருக்கை அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையை குஷனுக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். பள்ளம் போய்விட்டால் குறை பட்டையில்தான், ஃபோமை மாற்றவே வேண்டாம். பலகை வைத்தும் உள்ளே போகிறது என்றால் ஃபோம்தான் செத்துவிட்டது. அப்போது இருக்கைகள் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் மேடும் பள்ளமுமாக நிற்கும். முதுகுக் குஷன்களை மாற்ற வேண்டியதில்லை, ஃபைபர் சேர்த்தால் போதும். புது ஃபோமை உறைக்குள் போடுவதற்குமுன் அதன் ஓரத்தில் மார்க்கரால் டென்சிட்டியையும் தேதியையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது, எத்தனை வருடம் உழைத்தது என்று கடைக்காரரிடம் ஆதாரத்தோடு பேசலாம்.